எந்த முகவரிக்கு அனுப்பட்டும்?

ஒட்டன்சத்திரம்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அண்ணன் வீட்டு மாடிப்படியில் ஆறு மாதம் ஏறி இறங்கியதுதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன்னால் பத்து வருஷமாக இருந்த வலி அவளுக்கு மறந்துவிட்டது.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நீயும் எடுப்பதில்லை, அது வேறு விஷயம். "பிஸிப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்று இரண்டு தடவை மெசேஜ் வந்தது. முப்பத்தைந்து நாள் ஆகிறது என்று அம்மா கணக்குச் சொல்கிறாள். நான் எண்ணவில்லை. தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் "ஏனுங்க, பாப்பா போன் பண்ணுச்சுங்களா?" என்று கேட்பாள். பண்ணினால் அவள் காதுக்குத் தெரியாமலா போய்விடும்?

இங்கே நல்ல மழை. மார்க்கெட்டில் சேறு, கேரளா லாரிகள் பைபாஸ் வரை நிற்கின்றன. உங்கள் மினியாபொலிஸில் பனி விழ ஆரம்பித்துவிட்டது என்று அண்ணன் படம் அனுப்பினான். ஜனவரியில் மைனஸ் இருபதுக்குப் போகுமாமே. நீ அறை எடுத்து வேலை செய்கிற அந்தக் கட்டடத்தில் ராத்திரி ஹீட்டர் ஓடுமா? சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் குறைத்துவிடுவார்களா? சும்மா கேட்கிறேன். பழைய கட்டடம், ஜன்னல்கள் ஆள் உயரம், அதனால் கேட்டேன்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி மார்க்கெட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நீ வாசலிலேயே "அப்பா, இது பழைய விதைக் கம்பெனி" என்று சொன்னபோது எனக்குச் சரியாக மண்டையில் ஏறவில்லை. நார்த்ரப் கிங் என்று பெயரைப் படித்துவிட்டுச் சும்மா தலையாட்டினேன். அன்று ராத்திரி அண்ணன் கம்ப்யூட்டரில் தேடிக் காட்டினான். 1884-ல் ஆரம்பித்த கம்பெனி, இந்தக் கட்டடங்களை 1917-லிருந்து கட்டியிருக்கிறார்கள். 1976-ல் சாண்டோஸ் என்ற சுவிஸ் கம்பெனி வாங்கியது, அது பிறகு நோவார்டிஸ் ஆகி, அதிலிருந்து சின்ஜெண்டா விதைக் கம்பெனி வந்தது. அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது. நம் விதைக் கடையில் மக்காச்சோளம் கேட்டு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் என்ன கேட்பார்கள், சொல் பார்க்கலாம். "என்கே அறுபத்திரண்டு நாப்பது." அந்த என்கே, நார்த்ரப் கிங்! எத்தனை ஆயிரம் மூட்டை விற்றிருப்பேன், ஒரு நாளாவது அது யார் பெயர் என்று யோசித்திருப்பேனா? என் மகள் வாடகை கொடுக்கிற இடத்திலிருந்துதான் அந்தப் பெயர் வந்திருக்கிறது. மார்க்கெட்டில் ஒருவரும் நம்பவில்லை. பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டித்தான் நம்ப வைத்தேன்.

உள்ளே வந்ததும் என் மூக்கு விதை வாசனையைத் தேடியது. இல்லை. பெயின்ட், டர்பன்டைன், யாரோ வறுத்த பாப்கார்ன். ஆனால் அந்தத் தரையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இது மூட்டை தாங்கிய தரை. பக்கத்திலேயே ரயில் பாதை வேறு. முன்னூறுக்கும் மேலே ஆட்கள் அறை எடுத்து வேலை செய்கிறார்கள் என்றாய். மாதத்தின் முதல் வியாழக்கிழமை எல்லாக் கதவையும் திறந்து வைப்பது நல்ல ஏற்பாடு. நம் ஊர் வாரச் சந்தை மாதிரி, ஆனால் சத்தமில்லாத சந்தை. ஒரு அறையில் கண்ணாடி, ஒன்றில் மண்பாண்டம், ஒன்றில் ஒரு கிழவர் பெரிய துணியில் கறுப்பு மட்டுமே பூசிக்கொண்டிருந்தார். அவரைக் கடந்து வரும்போது அண்ணன் என் காதில் ஒன்று சொன்னான். அதை எழுத மாட்டேன்.

நீ ரோலரில் மை தேய்த்துக் காட்டினாயே, அது கண்ணிலேயே நிற்கிறது. கண்ணாடிப் பலகையில் மையை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே "சத்தத்தைக் கேளுங்கப்பா" என்றாய். முதலில் சளக் சளக் என்று கேட்டது. உருட்ட உருட்ட அப்பளம் பொரிகிற மாதிரி மெல்லிசாக ஆனது. இதுதான் பதம், கண்ணால் பார்த்தால் தெரியாது, காதுக்குத்தான் தெரியும் என்றாய். அதற்கப்புறம் நீ செதுக்கி வைத்த லினோ பலகையின் மேல் மையேற்றி, காகிதத்தை வைத்து, அந்த அச்சு மெஷின் சக்கரத்தைச் சுற்றி, ஒரு மூலையைப் பிடித்து உரித்தாய். நம் முருங்கைத் தோட்டம். கிணற்றுமேடு, மோட்டார் ரூம், எல்லாம் இருந்தது. தோட்டத்தை விற்கும்போது நீ எட்டாவதுதானே படித்தாய்? மோட்டார் ரூம் கதவு இடது பக்கம் என்பது எனக்கே மறந்துபோய்விட்டது.

அடியில் பென்சிலில் 7/20 என்று எழுதினாய். நான் மார்க் என்று நினைத்து, "ஏன் கண்ணு, இருபதுக்கு ஏழா, யார் போட்டது?" என்று கேட்டேன். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். இருபது பிரதியில் ஏழாவது என்று விளக்கினாய். லாட் நம்பர் மாதிரி என்று சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும். அந்தப் படம் இப்போது கல்லாப்பெட்டிக்கு மேலே, காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் மார்க்கைத்தான் கேட்கிறார்கள். நான் எல்லோருக்கும் விளக்கிச் சொல்கிறேன்.

சரி, கடைக்காரன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், கோபப்படாதே. ஐந்தரையிலிருந்து எட்டரை வரை உன் அறைக்குள் வந்தவர்கள் தொண்ணூற்று நான்கு பேர். எண்ணினேன், பழக்கதோஷம். வாங்கியவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் வாங்கியது கார்டு. பிஸ்கட் தின்றவர்கள் நிறைய. நீ ரோலரைக் கையில் எடுத்தபோது வாசலில் போனவர்கள் எல்லாம் நின்றார்கள். ரோலரை வைத்துவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்ததும் கலைந்துவிட்டார்கள். ஆகவே வியாழக்கிழமை முழுக்க ஏதாவது செய்துகொண்டே இரு. விலையைப் பெரிதாக எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு. கதவை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்.

அது இருக்கட்டும். நடுவில் நீ குடிக்கத் தண்ணீர் எடுக்கச் சொன்னாய். திரைக்குப் பின்னால் போனேன். ரைஸ் குக்கர் இருந்தது. நல்லது, பசிக்கிற நேரத்துக்கு வேலை செய்கிற இடத்திலேயே சோறு கிடைத்தால் நல்லதுதானே. பல் துலக்கும் பிரஷ் ஒன்று டம்ளரில் இருந்தது, மை கழுவ வைத்திருப்பாய். அம்மாவின் பச்சைச் சால்வை மடித்து வைத்திருந்தது. அதற்குக் கீழே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னோடு வீடு எடுத்திருந்த அந்தக் கொலம்பியாப் பெண் ஜூலையிலேயே ஊருக்குப் போய்விட்டது என்று அண்ணி பேச்சுவாக்கில் சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனுக்கும் உனக்கும் நடந்தது உங்களுக்குள் இருக்கட்டும், நான் நடுவில் வர மாட்டேன். ஆனாலும் அவன் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. திரும்பி வரும்போது ஆற்றங்கரையில் அவன் காரை நிறுத்தி ஒரு பழைய மாவு மில்லைக் காட்டினான். பில்ஸ்பரி மில், 1881-ல் கட்டியது. உலகத்திலேயே பெரிய மில்லாக இருந்ததாம் ஒரு காலத்தில். இப்போது அதை வீடுகளாக்கி, கலைஞர்கள் குடியிருக்க வாடகைக்கு விடுகிறார்களாம், இருநூறுக்கு மேல் வீடு இருக்கிறதாம். அவன் எதற்காக அங்கே நிறுத்தினான் என்று எனக்குத் தெரியாது. அவனும் சொல்லவில்லை. அங்கே விசாரித்துப் பார்த்தாயா? வாடகை பெரிய தொகையாக இருந்தால் சொல். லோனை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் வேலை அனுமதி அடுத்த ஜூன் வரைக்கும்தானே, அதற்கப்புறம் என்ன என்று இப்போது கேட்கவில்லை.

அந்தத் தாராபுரத்துக்காரர் விஷயத்தை எழுத வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தேன். நடைபாதையில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டு, பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டார். "கம்பெனியில வேலைங்க, இது சும்மா சாயங்காலப் பொழுதுபோக்கு" என்றேன். வாயில் வந்துவிட்டது. திரும்பினால் நீ பேப்பர் தட்டில் எனக்கு முறுக்கு வைத்துக்கொண்டு நின்றாய். தட்டைக் கொடுத்தாய், ஒன்றும் சொல்லவில்லை. நீ கேட்டிருப்பாய். அந்த மனுஷனை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்கப் போவதில்லை. அவருக்காக உன்னை மறைத்தேன்.

மறைப்பது எனக்குப் புதிதில்லை கண்ணு. அம்மாவிடமே சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது உன்னையும் அண்ணனையும் அம்மாவோடு பழனிக்கு, அம்மிச்சி வீட்டுக்கு அனுப்பினேன். எட்டு மாதம். கடையைப் பெரிதாக்குகிறேன், வீட்டை அதற்காகத்தான் ஒத்திக்கு விட்டேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் ரூம் எடுத்திருக்கிறேன் என்றேன். எந்த ரூமும் இல்லை. குடோனில் படுத்திருந்தேன். அதற்கு முந்தின வருஷம் வெங்காய விதை மீந்துவிட்டது. வெங்காய விதைக்கு ஆயுசு குறைவு என்பது உனக்கே தெரியும். லேபிளில் போட்ட ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. முளைப்பு நூற்றுக்கு எழுபதாவது இருக்க வேண்டும், ஈரத்துணியில் போட்டுப் பார்த்தேன், நூறு விதைக்கு முப்பதுகூட வரவில்லை. பார்த்த பிறகும் விற்றேன். தேதியைச் சுரண்டிவிட்டு விற்றேன். பதினோரு பேர் வாங்கினார்கள். நாற்று வரவில்லை. ஒருவர் சத்தம்கூடப் போடவில்லை, வெறும் மேட்டுப்பாத்தியிலிருந்து ஒரு கை மண்ணை எடுத்துவந்து கல்லாமேல் வைத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் வீட்டுக்குத் தேடி வர ஆரம்பித்தார்கள். அதனால்தான் உங்களை அனுப்பினேன், அதனால்தான் குடோன். வீட்டு ஒத்திப் பணத்தில் பாதிப் பேருக்குக் கொடுத்தேன், மீதிப் பேருக்குக் கொடுத்து முடிக்க இரண்டு வருஷம் ஆனது. மருந்து கலந்த விதை மூட்டை, சிவப்புச் சாயப் பொடி, அதற்கு நடுவில் பாய். ராத்திரி லைட் போட்டால் வெளியே தெரியும் என்று இருட்டிலேயே சாப்பிடுவேன்.

ஒரு நாள் மத்தியானம் என் அப்பா, உன் அப்பாரு, வந்தார். சொல்லாமல் வந்தார். பாய் சுருட்டி வைத்திருந்தது, அதன்மேல் தலையணை. பார்த்தார். பார்த்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினார், சின்ன வெங்காயம் விலையைப் பற்றிப் பேசினார், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே அவரோடு கிளம்பியிருப்பேன். அவர்மேல் அந்தக் கோபம் அவர் போகும்வரை இருந்தது. போன பிறகும் கொஞ்ச நாள் இருந்தது.

நான் அன்று உன் அறையிலிருந்து வெளியே வந்து என்ன பேசினேன், ஞாபகம் இருக்கிறதா? கார் பார்க்கிங்குக்குக் காசு வாங்குவார்களா என்று கேட்டேன். பிஸ்கட் நன்றாக இருக்கிறது என்றேன்.

அதனால் இப்போது கேட்கிறேன். பவானியிலிருந்து இரண்டு ஜமுக்காளம் வாங்கி வைத்திருக்கிறேன், கெட்டியான நெசவு, சிமெண்ட் தரையின் குளிரை ஏற விடாது. கூடவே ஒரு கம்பளியும், அம்மா இடித்த பருப்புப் பொடியும். அடுத்த வாரம் கூரியரில் போட வேண்டும். இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன், ஜமுக்காளத்தை அப்படி அனுப்ப முடியாது. வீட்டு முகவரி என்று நீ கொடுத்தது என்னிடம் இருக்கிறது. அண்ணன் முகவரியும் இருக்கிறது. அந்த விதைக் கட்டடத்தின் முகவரி, மூன்றாம் மாடி, அறை எண் போட்டு, அதையும் அன்றே டைரியில் குறித்துக்கொண்டுதான் வந்தேன்.

இதில் எந்த முகவரிக்கு அனுப்பட்டும்? நீ சொல்கிற முகவரியை மட்டும்தான் பார்சலில் எழுதுவேன். அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

அப்பா.