ஸ்கேன் அறிக்கையில் விடுபடும் ஒரு வரி

மகப்பேறு ஸ்கேன் எடுக்கும் மருத்துவர்களுக்கும், அந்த அறிக்கையை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யும் மகப்பேறு மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையில் குழந்தையின் மூளை, இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுகிறீர்கள். நஞ்சுக்கொடிக்கு மட்டும் பெரும்பாலும் ஒரே வரி: முன்சுவரில் இருக்கிறது, கருப்பை வாயை விட்டு விலகி இருக்கிறது. தொப்புள்கொடி அதில் எங்கே போய்ச் சேருகிறது என்பது பல அறிக்கைகளில் இருப்பதே இல்லை. அந்த விடுபட்ட வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இருந்தது வாசா பிரீவியா. உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. கருவுற்ற பெண்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். வழக்கமாகத் தொப்புள்கொடி நஞ்சுக்கொடியிலேயே நேராகச் சேரும். சிலருக்கு அது பனிக்குடச் சவ்வோடு நின்றுவிடும். அங்கிருந்து இரத்தக்குழாய்கள் எந்தக் காப்பும் இல்லாமல் சவ்வின்மீது ஓடி நஞ்சுக்கொடியை அடையும். நஞ்சுக்கொடி இரு மடல்களாகப் பிரிந்து இருந்தாலும் இடையே இப்படிக் குழாய்கள் ஓடலாம். அவை கருப்பை வாயின் மேலோ அதை ஒட்டியோ அமைந்துவிட்டால், பனிக்குடம் உடையும்போது குழாயும் கிழியலாம். ஏறத்தாழ 2,500 கர்ப்பங்களில் ஒன்றில் இது நேர்கிறது.

அப்போது வெளியேறுவது தாயின் இரத்தம் அல்ல, குழந்தையின் இரத்தம். 3 கிலோ குழந்தையின் உடலில் மொத்தமே ஏறத்தாழ கால் லிட்டர்தான் இருக்கும். தாய்க்கு வலி இல்லாமலே இரத்தம் போகலாம். அவளுடைய நாடியும் இரத்த அழுத்தமும் சீராகவே இருக்கும். பார்ப்பவர்களுக்குக் ‘கொஞ்சம்தானே’ என்று தோன்றும் அளவே குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதும். 2004இல் வெளியான ஓர் ஆய்வு வாசா பிரீவியா இருந்த 155 கர்ப்பங்களைப் பார்த்தது. முன்கூட்டியே கண்டறியப்பட்டவற்றில் 97 விழுக்காடு குழந்தைகள் பிழைத்தன. கண்டறியப்படாதவற்றில் 44 விழுக்காடுதான். இவ்வளவு பெரிய இடைவெளிக்கு முக்கியக் காரணம் புது மருந்தோ அரிய அறுவை சிகிச்சையோ அல்ல, முன்பே தெரிந்திருந்தது என்பதுதான்.

என் நஞ்சுக்கொடி முதலில் கீழிறங்கி இருந்தது. பிறகு “மேலே ஏறிவிட்டது, இனிக் கவலை இல்லை” என்றார்கள். இந்த ‘ஏறிவிட்டது’தான் பொல்லாத சொல். நஞ்சுக்கொடியின் விளிம்பு விலகிய பிறகும், அதன் குழாய்கள் பழைய இடத்திலேயே தங்கிவிடலாம். மறு ஸ்கேனில் உங்களில் ஒருவர் பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்வழிக் கருவியைச் சற்று நேரம் அசையாமல் பிடித்து, இரத்த ஓட்டத்தை நிறங்களில் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டார். கருப்பை வாயின் குறுக்கே சிவப்பும் நீலமுமாக ஒரு கோடு. அதன்மேல் குறியை நிறுத்தித் துடிப்பை அளந்தார். நிமிடத்துக்கு 140க்கு மேல் ஓடியது. என் நாடி அவ்வளவு வேகமாக அடிக்கவில்லை, அது குழந்தையுடையது.

அவருக்கு நான் என்றும் கடன்பட்டவள். ஆனால் அடுத்து அவர் திரும்பியது என் கணவரின் பக்கம். தணிந்த குரலில் ஏதோ சொன்னார். என்னிடம் “பெரிய டாக்டரைப் பாருங்கள்” என்றதோடு சரி. வயிறு என்னுடையது. செய்தியை மட்டும் ஏன் சுற்றுவழியில் அனுப்புகிறீர்கள்? அன்று இரவு நான் கற்பனை செய்துகொண்டவை எல்லாம் உண்மையைவிடக் கொடியவை.

என்னைத் தேற்றியது பின்னர் ஒரு மருத்துவர் தாளில் எழுதிக் கொடுத்த திட்டம்தான். உள்பரிசோதனை கூடாது, தாம்பத்திய உறவு கூடாது. 30 முதல் 34 வாரத்துக்குள் மருத்துவமனையில் சேர்வது பற்றிப் பேசுவோம். குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி. வலி தொடங்கும் முன், 34 முதல் 37 வாரத்துக்குள் சிசேரியன். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். பயம் போகவில்லை. ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போகும்போதும் துடைத்த காகிதத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். “இரத்தமே போகவில்லை, பிறகு ஏன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாய்? நன்றாக நட, சுகப்பிரசவம் ஆகும்” என்ற உறவினர்களிடம் நீட்ட அந்தத் தாளாவது கையில் இருந்தது.

எல்லாருக்கும் இதைத் தேடினால் வீண் பயமும் தேவையற்ற சிசேரியனும் பெருகும் என்று உங்களில் சிலர் சொல்வதை அறிவேன். அது வெறும் சாக்கு அல்ல. நடுமாதங்களில் தெரியும் குழாய் பிறகு விலகிவிடுவதும் உண்டு. அதனால்தான் 32ஆம் வாரத்தை ஒட்டி மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஆபத்து அதிகம் உள்ளவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியும்: நஞ்சுக்கொடி கீழிறங்கி இருந்து பிறகு ஏறியவர்கள், இரு மடல்களோ துணை மடலோ உள்ளவர்கள், தொப்புள்கொடி சவ்வில் சேர்ந்திருப்பவர்கள், சோதனைக்குழாய் முறையில் கருவுற்றவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள். இவர்களுக்காவது உள்வழி ஸ்கேனில் டாப்ளரைப் போட்டுப் பாருங்கள்.

மற்றவர்களுக்குக் கேட்பது இன்னும் சிறியது. உங்கள் கணினியில் உள்ள அறிக்கைப் படிவத்தில், நஞ்சுக்கொடியின் இடம் என்பதற்குக் கீழே ‘தொப்புள்கொடி சேரும் இடம்’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். நடுவில், விளிம்பில், சவ்வில், தெரியவில்லை என்று நான்கு தெரிவுகள் போதும். ‘தெரியவில்லை’ என்று எழுதினாலும் நல்லதுதான். அடுத்த ஸ்கேனில் எதைத் தேட வேண்டும் என்று அடுத்தவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
வாசா பிரீவியாவோடு கர்ப்பகாலத்தைக் கடந்த ஒரு தாய்