அந்தக் கண் எதைக் கண்டது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விழா நெருங்கினாலே உங்கள் நாளிதழின் சேலம் பதிப்பில் கழுகுகள் பெருகிவிடுகின்றன. ஏற்காடு ஏரியை டிரோனில் எடுத்த படத்துக்குக் கீழே 'கழுகுப் பார்வையில் ஏற்காடு'. அடிவாரத்தில் புதிதாகக் கேமரா வைத்தால் 'கழுகுக் கண் கண்காணிப்பு'. மலைப்பாதையில் இரவு ரோந்து என்றால் 'விடிய விடிய கழுகுக் கண்களுடன் போலீசார்'. கழுகு பகலில் இரை தேடும் பறவை. பொழுது சாய்ந்தால் அடைந்துவிடும். விடிய விடிய விழித்திருப்பதற்கு ஆந்தையைத்தான் கூப்பிட வேண்டும். 'ஆந்தைக் கண் போலீசார்' என்று அச்சிட்டால் மறுநாள் உங்களுக்கு வேறு விதமான கடிதங்கள் வரும் என்பதும் தெரியும்.

டிரோன் படத்தில் ஏரி, படகுத் துறை, பூங்கா எல்லாம் தெரிகின்றன. எதுவும் உற்றுப் பார்க்கும்படி தெரிவதில்லை. கழுகின் திறமையோ இதற்கு நேர்மாறானது. அவ்வளவு உயரத்தில் வட்டமிட்டாலும் அது தேடுவது புல்லுக்குள் ஓடும் ஒரே ஒரு எலியை. நம் பழைய இலக்கணத்தார், நூலில் சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து அமையும் முறைகளில் ஒன்றுக்குப் 'பருந்தின் வீழ்வு' என்று பெயர் வைத்தார்கள். வேண்டியதைக் கண்டதும் இறங்கி எடுத்துக்கொண்டு போவதைத்தான் அவர்கள் மெச்சினார்கள். மேலே சுற்றிக்கொண்டிருப்பதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

கூரிய கண் உள்ளவர் என்று ஒருவரை எழுதினால், அந்தக் கண் எதைக் கண்டது என்பதும் அதே செய்தியில் வர வேண்டும். இதுதான் என் கோரிக்கை. 'கழுகுக் கண் அதிகாரிகள் திடீர் ஆய்வு' என்று தலைப்பு வைத்துவிட்டு, உள்ளே அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், அறிவுரை வழங்கினார்கள் என்று முடித்தால் அந்த அடைமொழிக்கு என்ன வேலை? இயந்திரத்துக்கு அதைக் கொடுப்பது இன்னும் வீண். கேமரா பதிவு செய்யும். பார்ப்பதற்கு ஓர் ஆள் உட்கார வேண்டும்.

இந்த அடைமொழிக்கு உரியவர்களைப் பல வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்; ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் தொடங்கிய காப்பி இது. இங்கே பெரும்பாலும் அராபிகா என்கிற காப்பி வகை. அராபிகாவுக்கு எமன் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்கிற வண்டு. தாய் வண்டு தண்டின் பட்டை வெடிப்பில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். புழு கட்டைக்குள் புகுந்து மாதக்கணக்கில் குடைந்துகொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் செடி நன்றாகத்தான் நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு முறையும் வண்டுகள் வெளியே பறக்கும். அதற்குள் அடிபட்ட செடியைக் கண்டுபிடித்து, வேரோடு பிடுங்கி எரித்தாக வேண்டும். விட்டால் பக்கத்துச் செடிகளுக்கும் அதே கதிதான்.

மார்ச் மாதத்திலும் செப்டம்பரிலும் வரிசை வரிசையாகப் பெண்கள் இறங்குவார்கள். ஒவ்வொரு செடியின் முன்பும் குனிந்து, இலையை விலக்கி, தண்டைப் பார்ப்பார்கள். பட்டையின் மேல் லேசாக ஒரு வரம்பு ஓடும், கை நரம்பு புடைத்தது போல. புழு போன வழி அது. சில செடிகளில் இலை ஒரு சாயல் மட்டும் மஞ்சளித்திருக்கும். சில்வர் ஓக் மரங்களின் நிழல் மாறி மாறி விழும் இடத்தில் அந்த ஒரு சாயலைப் பிரித்தறிவது லேசுப்பட்ட காரியமல்ல. படித்த மேலாளர்கள் இரண்டு முறை கடந்துபோன செடியைக் கைகாட்டி நிறுத்தியவர்கள் உண்டு. பிடுங்கித் தண்டைப் பிளந்தால் உள்ளே புழு இருக்கும். 'கூரிய கண் கொண்ட தொழிலாளி, நன்றாக நின்ற செடியின் தண்டில் புழு ஓடிய தடத்தைக் கண்டார்' என்று எழுதிப் பாருங்கள். யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

கழுகை விட்டுவிட்டாலும் தமிழில் இதற்குப் பஞ்சமில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருக்கிறோம். கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறோம். அந்தப் பச்சைப் பாம்பு எங்கள் காப்பிச் செடிகளில் சாதாரணமாகத் தென்படும். யார் கண்ணையும் கொத்துவதில்லை, பாவம். ஆனால் இரு கண்ணாலும் நேரே குறி பார்த்துப் பல்லியைப் பிடிக்கக்கூடிய பாம்புகளில் அது ஒன்று. ஆகவே காரணம் தவறாக இருந்தாலும் உவமை சரியாகத்தான் விழுந்திருக்கிறது. 'கூர்நோக்கு' என்ற அருமையான சொல்லை மட்டும் அரசு, குற்ற வழக்கில் சிக்கிய சிறாரை வைக்கும் இல்லங்களின் பெயர்ப்பலகைக்குக் கொடுத்துவிட்டது. இனி யாரையாவது கூர்நோக்குள்ளவர் என்று புகழ்ந்தால் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

கோடையில் காட்டுத் தீ பார்க்கும் காவலர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் பள்ளத்தாக்கில் கிடப்பது பனியா புகையா என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். வெயில் ஏறினால் பனி கலைந்துவிடும். புகை ஒரே இடத்திலிருந்து கிளம்பிக்கொண்டே இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் பஸ் ஓட்டுகிறவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கீழே சேலத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. சிவதாபுரம், பனங்காடு பக்கம் வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை. ஒரு கொலுசில் எத்தனை கண்ணி, எத்தனை மணி! பற்றவைப்பு சரியாகப் பிடிக்காத ஒரு கண்ணியை, கொலுசை விளக்கடியில் ஒரு தடவை புரட்டியதிலேயே விரல் வைத்துக் காட்டுகிறார்கள். நாற்பது வயதைத் தாண்டினால் இவர்களுக்கும் வெள்ளெழுத்து வந்துவிடும். மற்றவர்களுக்கு அது பேப்பர் படிக்கிற சிரமம். இவர்களுக்குக் கூலி குறைகிற காரியம். பலர் கடை வாசலில் கிடைக்கும் ஏதோ ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

இலவசக் கண் பரிசோதனை முகாம் செய்தி உங்கள் பத்திரிகையில் பெரும்பாலும் முகாம் முடிந்த மறுநாள், குத்துவிளக்கு ஏற்றும் படத்தோடுதான் வருகிறது. இரண்டு நாள் முன்னதாக இடமும் நேரமும் போட்டால், கொலுசு வேலை செய்கிறவர்கள் கையிலிருக்கும் வேலையை ஒரு வேளை தள்ளிவைத்துவிட்டுப் போய்வருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஏற்காடு