மஞ்சள் குறி போட்ட கருவிகளைப் பற்றி மகளுக்கு

கிருஷ்ணகிரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மாப்பிள்ளை பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்ட பிறகு வைஃபை வரவில்லை என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ‘அதர் டிவைசஸ்’ என்பதன் கீழ் நான்கு கருவிகள் மஞ்சள் குறியோடு நிற்கின்றன. எல்லா டிரைவரையும், அதாவது கருவிகளோடு பேச விண்டோஸுக்கு உதவும் சிறு நிரல்களை, தானே தேடிப் போட்டுவிடும் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள் ஒன்றை இறக்கப்போவதாக எழுதியிருந்தாய். அதை மட்டும் செய்யாதே, கண்ணு. டிரைவர்களில் பெரும்பாலானவை விண்டோஸின் அடிமட்டத்தில் முழு அதிகாரத்தோடு ஓடுபவை. அந்த இடத்தில் யார் எழுதியது, எங்கிருந்து எடுத்தது என்று தெரியாத ஒன்றை உட்கார வைத்தால், நீலத் திரை வந்து நிற்பது முதல் கடவுச்சொல் களவு போவது வரை எதுவும் நடக்கலாம். கடைக்கு வரும் கணினிகளில் இப்படிக் கெட்டவற்றைச் சரிசெய்வதற்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது. உன் லேப்டாப்புக்கு அந்த மென்பொருள் தேவையும் இல்லை. ஒவ்வொரு கருவியும் தான் யார் என்பதைத் தன்னுள்ளேயே எழுதி வைத்திருக்கிறது, அதைப் படித்தால் போதும்.

மஞ்சள் குறி உள்ள கருவியின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திற. முதல் பக்கத்தில் ‘கோட் 28’ என்று இருந்தால், டிரைவர் போடப்படவில்லை என்பதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு ‘டீட்டெயில்ஸ்’ பக்கத்துக்குப் போய், மேலே உள்ள பட்டியலில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தெடு. சில வரிகள் வரும். முதல் வரிதான் மிகத் துல்லியமானது. கீழே போகப் போகப் பொதுவாகிக்கொண்டே வரும். அந்த வரியில் ‘வென்’ என்ற எழுத்துகளை அடுத்து வரும் நான்கு இலக்கம் தயாரிப்பாளரையும், ‘டெவ்’ என்பதை அடுத்து வரும் நான்கு இலக்கம் கருவியையும் குறிக்கும். 8086 என்றால் இன்டெல். 1978-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட ப்ராசசரின் எண்ணும் அதுதான். 1002 என்றால் ஏஎம்டி. இலக்கங்களுக்கு நடுவே ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகள் வந்தால் குழம்பாதே, அது பதினாறின் அடிப்படையில் எழுதும் முறை. ரியல்டெக்கின் 10ஈசி அப்படிப்பட்டதுதான்.

டிரைவரே இல்லாதபோது ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற பெயர் மட்டும் எப்படி வந்தது என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. மதர்போர்டோடு பிசிஐ என்ற இணைப்பு வழியாகப் பேசும் கருவிகள் தயாரிப்பாளர் எண்ணோடு, தாங்கள் எந்த வகையைச் சேர்ந்தவை என்பதற்கான எண்ணையும் சொல்லிவிடுகின்றன. ஆகவே இது நெட்வொர்க் சம்பந்தப்பட்டது என்பது விண்டோஸுக்குத் தெரிகிறது. அதனிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் தெரியவில்லை. உன் வைஃபை கார்டு அதுதான். ‘எஸ்எம் பஸ் கன்ட்ரோலர்’ என்பது மதர்போர்டைச் சேர்ந்தது, மதர்போர்டின் முக்கிய சிப்புகளுக்கான சிப்செட் டிரைவரைப் போட்டதும் அந்த மஞ்சள் குறி மறைந்துவிடும். ‘பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்’ என்பதில் 8086 இருந்தால் அது பெரும்பாலும் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற இன்டெலின் உள்நிர்வாகப் பகுதி, பயப்பட ஒன்றுமில்லை. நான்காவதாக வெறும் ‘அன்நோன் டிவைஸ்’ என்று நிற்பதன் வரி ‘ஏசிபிஐ’ என்று தொடங்கும் என்று எண்ணுகிறேன். அத்தகைய கருவிகள் தங்கள் வகையைச் சொல்வதில்லை, அதனால்தான் பெயரில்லாமல் நிற்கின்றன. உன்னுடையது டெல் லேப்டாப் என்பதால் அதில் எஸ்எம்ஓ8800 என்று இருக்கலாம். அது, லேப்டாப் கைதவறி விழும்போது ஹார்டு டிஸ்க்கைக் காப்பாற்றும் சென்சார். நாம் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டிவிட்டதால், அதற்கு டிரைவர் போடாவிட்டாலும் நட்டமில்லை.

யுஎஸ்பியில் சொருகும் கருவிகளுக்கும் இதே முறைதான்; அங்கே ‘வென்’, ‘டெவ்’ என்பவற்றுக்குப் பதிலாக ‘விஐடி’, ‘பிஐடி’ என்று வரும். போன ஆனி மாதம், பெங்களூரா மாங்காய் வந்து குவிந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு மண்டியில் எலக்ட்ரானிக் தராசிலிருந்து கணினிக்கு எடை போகவில்லை என்று கூப்பிட்டார்கள். தராசையும் கணினியையும் இணைக்கும் கேபிளின் மேல் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. இணைய வசதியில்லாத அந்தக் கணினியில் அது ‘யுஎஸ்பி 2.0 சீரியல்’ என்று மஞ்சள் குறியோடு நின்றது. வரியைத் திறந்தால் விஐடி 1ஏ86, பிஐடி 7523. அது சிஎச்340 என்ற சிப். அதற்குரிய சிறிய டிரைவரை என் பென் டிரைவிலிருந்து போட்டதும் எடை திரையில் ஏறியது. வெளியே லாரிகள் காத்திருந்தன. பெயரே இல்லாத கேபிளும் தன் எண்ணைச் சரியாகச் சொல்லிவிடும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எண்ணைக்கூடச் சொல்லாத கருவி ஒன்று உண்டு. ‘கோட் 43’ என்று வந்து, விஐடி நான்கும் பூஜ்யமாக இருந்தால், கணினி கேட்ட கேள்விக்குக் கருவி பதிலே தரவில்லை என்று பொருள். அதற்காக டிரைவர் தேடி அலையாதே. கேபிளை மாற்று, வேறு போர்ட்டில் சொருகு. அப்போதும் மாறாவிட்டால் கருவியே பழுதாகியிருக்கும்.

இனி உன் லேப்டாப்புக்கு வருவோம். வைஃபை இல்லாததால், ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் பகுதியில், போனின் இணையத்தைக் கேபிள் வழியே கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கு. பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் கேட்காமலே இணையம் வந்துவிடும். விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு, ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ பகுதியில் உள்ள டிரைவர்களையும் பார். நான்கில் இரண்டு மூன்று அங்கேயே தீர்ந்துபோகக்கூடும். மீதியை, லேப்டாப்பின் அடியில் ஒட்டியுள்ள ஏழு எழுத்து சர்வீஸ் டேகை டெல்லின் சொந்தத் தளத்தில் கொடுத்து இறக்கிக்கொள். முதலில் சிப்செட், பிறகு வைஃபை, அதன்பின் மற்றவை என்ற வரிசையில் போட்டால் குழப்பம் குறையும். தேடும்போது தளத்தின் முகவரியை ஒருமுறை நிதானமாகப் படி. தேடல் முடிவுகளின் உச்சியில் விளம்பரமாக நிற்பது டெல்லின் தளமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அங்கும் கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்தில் ஹார்டுவேர் ஐடி வரியைக் கொடுத்துத் தேடலாம்.

எல்லாம் சரியான பின், போட்ட டிரைவர்களை ஒரே கட்டளையில் பென் டிரைவுக்கு எடுத்துவைக்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. கட்டளையை ஒரு எழுத்து பிசகாமல் அடிக்க வேண்டும் என்பதால் வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்புகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், இந்த லேப்டாப்பைப் பேரனின் படிப்புக்கு மட்டும் வைத்துக்கொள். வங்கி வேலைகளை அதில் செய்ய வேண்டாம் என்று மாப்பிள்ளையிடமும் சொல்.

நான்காவது கருவியின் முதல் வரியை நாளைக்குள் எனக்கு அனுப்பு. படம் எடுத்து அனுப்பினால் பூஜ்யமும் ஓ எழுத்தும் குழம்பும். ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து அப்படியே ஒட்டி அனுப்பு.

அன்புடன்,
அப்பா