‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ திரையிடலுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவில் (உள்முற்றத்தில்) நம் திரைப்பட வட்டம் நடத்திய, ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ என்னும் பழைய அமெரிக்கப் பேய்ப் படத்தின் திரையிடலுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் இம்மடல் வழியாக நன்றி தெரிவித்துக்கொள்கிறோம். படத்தைப் பாராட்டியவர்களுக்கும், பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களுக்கும், பாதியில் எழுந்து சென்று மறுநாள் அதற்கான காரணத்தை எழுதி அனுப்பியவர்களுக்கும் இந்த நன்றி ஒரே அளவில் உரியது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

முதல் நன்றி, நம்மை அறியாமலேயே நமக்கு உதவிய ஹெர்க் ஹார்விக்கு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் ஊரில், சென்ட்ரான் நிறுவனத்துக்காகப் பள்ளிப் பாடப் படங்களும் தொழிற்சாலைப் பயிற்சிப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். கலிபோர்னியாவிலிருந்து காரில் திரும்பும் வழியில், யூட்டாவின் பெரும் உப்பு ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்ட்ஏர் கேளிக்கை மாளிகையைக் கண்டு, அதை வைத்து ஒரு கதை எழுதித் தரும்படி உடன் பணியாற்றிய ஜான் கிளிஃபோர்டைக் கேட்டுக்கொண்டார். உள்ளூர் வணிகர்களிடம் திரட்டிய தொகையை முதலாகப் போட்டு, அலுவலகத்தில் மூன்று வாரம் விடுப்பு எடுத்து, மொத்தம் சுமார் 33,000 டாலர் செலவில் அவர் எடுத்து முடித்த படம் 1962இல் வெளிவந்தது. அவர் இயக்கிய ஒரே முழுநீளப் படம் இதுதான். விநியோகம் செய்த நிறுவனம் நொடித்துப்போனதால் எடுத்தவர்கள் கைக்குப் பணம் வந்து சேரவில்லை. பிரதிகளில் காப்புரிமைக் குறிப்பு இடம்பெறாமல் போனதால் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்தாகிவிட்டது. அப்படி ஆனதால்தான் தொலைக்காட்சி நிலையங்கள் நள்ளிரவு நேரங்களில் இதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. ஒரு தலைமுறை தற்செயலாகக் கண்டு மனத்தில் வைத்துக்கொண்டது. 1989இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. நாம் கட்டணம் எதுவும் இன்றித் தமிழ்த் துணைவசனம் சேர்த்துத் திரையிட முடிந்ததும் அதனால்தான். உழைத்தவர்களுக்குக் கிடைக்காத பலனை நாம் அனுபவிக்கிறோம் என்பதை மறவாமல் இருக்க விரும்புகிறோம். ஹார்வி 1996இல் காலமானார்.

பூட்டியே கிடக்கும் வீட்டை நமக்காகத் திறந்து, முகப்பு முதல் இரண்டாங்கட்டு வரை கூட்டிப் பெருக்கி, வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக் காபி கொடுத்த ஆச்சிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். பேய்ப் படத்தை வீட்டுக்குள் போடுவதா என்று உறவினர் சிலர் தயங்கியபோது, “பிள்ளைக பார்க்கட்டும், வீடு ஒண்ணும் பயந்துக்காது” என்று அவர் சொன்ன பிறகே ஏற்பாடுகள் தொடங்கின. நாற்காலிகளையும் ஜமக்காளங்களையும் வாடகை வாங்காமல் அனுப்பிய பந்தல்காரருக்கும் நன்றி.

திரையையும் ஒளியையும் கவனித்துக்கொண்டவர், திரையரங்கில் ஆபரேட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். தூண்களுக்கு இடையே கட்டிய காடாத் துணி காற்றில் அசைந்ததைக் கண்டு, அதன் அடிவிளிம்பை மடித்துத் தைக்கச் சொல்லி, மடிப்புக்குள் மூங்கில் கழியைச் செருகித் திரையை நிமிர்த்தி நிறுத்தினார். அதைவிட முக்கியமான உதவி ஒன்றை அவர் படத்தின் நடுவே செய்தார். கார் விபத்தில் தப்பி, புது ஊரில் தேவாலயத்தில் ஆர்கன் என்னும் இசைக்கருவி வாசிக்கும் வேலைக்கு வந்திருக்கும் நாயகி மேரி துணிக்கடையில் உடை மாற்றும் அறையில் இருக்கும்போது காட்சி நீர்ப்பரப்பைப் போல நெளிகிறது. அதன் பின் கடையில் யார் கண்ணுக்கும் அவள் தெரிவதில்லை, அவள் பேசுவது கேட்பதும் இல்லை, சுற்றிலும் உள்ள ஓசைகள் அத்தனையும் அற்றுப்போகின்றன. நம் வளவில் அந்த இடம் வந்தபோது பின்வரிசையிலிருந்து “சவுண்டு! சவுண்டு!” என்று குரல்கள் எழுந்தன. மைக்செட் தம்பி பதறி ஆம்ப்ளிஃபயரின் திருகைத் தொடப்போனார். பெரியவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையசைத்தார். பூங்காவில் மேரி ஒரு மரத்தடியில் நிற்கையில் பறவைகளின் ஒலியோடு உலகம் மீண்டும் அவள் காதில் விழும் வரை பிடியை அவர் விடவில்லை. அந்த நேரத்தில் ஒலியைக் கூட்டியிருந்தால் வெறும் இரைச்சல்தான் வந்திருக்கும்; படத்தின் உயிரான இடம் கெட்டிருக்கும். பெரியவருக்கும், அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கையை எடுத்துக்கொண்ட தம்பிக்கும் தனியாக நன்றி சொல்கிறோம்.

துணைவசனம் எழுதிய கல்லூரி மாணவியரின் உழைப்பு பலருக்குத் தெரிந்திருக்காது. வசனம் குறைவான படம்தானே, எளிதில் முடிந்துவிடும் என்று நாங்கள் நினைத்ததற்கு மாறாக, இந்தப் படத்தில் பல இடங்களில் வாயசைவும் குரலும் ஒட்டாமல் நிற்பதால் வரியை எந்த நொடியில் ஏற்றுவது, எந்த நொடியில் இறக்குவது என்பதே பெரும் வேலையாகிவிட்டது. அவர்கள் உதட்டைப் பின்பற்றாமல் குரலைப் பின்பற்றினார்கள். ஓசையற்ற காட்சிகளில் ‘அமைதி’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதும் வழக்கத்தையும் கைவிட்டார்கள். எழுத்து தோன்றினால் பார்வையாளருக்குத் துணை கிடைத்துவிடும், மேரிக்கு இல்லாத துணை நமக்கும் இருக்கக் கூடாது என்று அவர்கள் சொன்ன காரணம் எங்களுக்கு மிகவும் சரியாகப் பட்டது.

இனி, படம் முடிந்த பிறகு நடந்த உரையாடலுக்கு வருகிறோம். கூடியிருந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சமரசம் எதுவும் ஏற்படவில்லை. ஏற்பட வேண்டிய தேவையும் இல்லை.

பிடிக்கவில்லை என்றவர்கள் மேலோட்டமாகப் பேசவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறோம். முகத்தில் வெள்ளைப் பூச்சும் உடம்பில் கறுப்பு உடையும் தவிர மேரியைத் தொடரும் பேய்க்கு (அந்த வேடத்தில் நடித்தவரும் ஹார்விதான்) வேறு எதுவும் இல்லை என்றார்கள். துணைப் பாத்திரங்களில் பலர் மனப்பாடம் செய்து ஒப்பிப்பது போலப் பேசுவதாகக் குறை கூறினார்கள். பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்த காரிலிருந்து வெகுநேரம் கழித்து ஒருத்தி மட்டும் கரையேறி வரும்போதே முடிவு தெரிந்துவிடுகிறது, அதைச் சொல்ல மீதிப் படம் முழுவதும் எதற்கு என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்ட கேள்விக்கு யாராலும் எளிதாக விடை சொல்ல முடியவில்லை. குறைந்த செலவில் எடுத்தார்கள் என்பதற்காகக் குறைகளைக் கவிதை என்று கொண்டாடுகிறீர்கள், இதே தவறுகளைப் பெரிய நிறுவனம் செய்திருந்தால் விட்டுவைப்பீர்களா என்று அவர் மேலும் கேட்டார். அன்றைய இரவின் மிகக் கூர்மையான கேள்வி அதுவே என்று கருதுகிறோம்.

பிடித்தவர்கள் தரப்பில் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது, பெண்கள் பேசிய பேச்சு. மேரி தங்கியிருக்கும் வீட்டில் எதிர் அறைக்காரன் ஜான் லிண்டன் காபியைச் சாக்கு வைத்துக் கதவைத் தட்டுகிறான். வேண்டாம் என்றாலும் நகராமல் நிற்கிறான். வெள்ளை முகப் பேயைவிட அவனைப் பார்த்துத்தான் தங்களுக்கு வயிறு கலங்கியது என்று இருவர் சொன்னார்கள். பேய்க்குப் பயந்து அவள் அவனையே துணைக்கு நாட வேண்டியிருப்பதுதான் இந்தக் கதையின் கொடுமை என்று இன்னொருவர் அதைத் தொடர்ந்தார். தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் அன்பர் ஒருவர், மேரி தன்னை மறந்து ஆர்கன் வாசிக்கும் காட்சியை எடுத்துக்கொண்டார். பாதிரியார் அந்த இசையைப் பழித்து அவளை வேலையிலிருந்து விலகச் சொல்லும் இடத்தில், சம்பளத்துக்காக மட்டுமே வாசிப்பவளாகத் தன்னைக் கருதிக்கொண்டவளிடமிருந்து முதன்முறையாக உண்மையான இசை வெளிப்பட்டதும் அவள் வெளியேற்றப்படுகிறாள் என்று அவர் விளக்கியபோது, எதிர்க்கட்சியினரும் அமைதியாகக் கேட்டார்கள்.

எங்கள் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். ஒட்டாத குரல் குறைதான். அதைக் கனவுத் தன்மை என்று சொல்லித் தப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் துணிக்கடைக் காட்சியில் ஓசையை நிறுத்தியது பணமில்லாததால் நேர்ந்தது அன்று. நெளியும் பிம்பத்தோடு தொடங்கி, பூங்காவில் பறவையொலியோடு முடியும்படி திட்டமிட்டுச் செய்யப்பட்டது. ஓடும் காருக்குள் கையில் பிடித்த கேமராவோடு படமெடுத்தது செலவைக் குறைக்கத்தான். அதனாலேயே மேரியின் பயணம் செயற்கையான பின்னணியில் சிக்காமல் உண்மையான சாலையில் நிகழ்கிறது. சால்ட்ஏரின் வெறுமையான நடன மண்டபத்தை எவ்வளவு பணம் கொடுத்தாலும் அரங்கமாகக் கட்டி எழுப்பியிருக்க முடியாது. 1970இல் அதுவும் தீக்கிரையானது. எனவே ஆசிரியரின் கேள்விக்கு எங்கள் விடை, பணம் இல்லாத இடத்தில் நேர்ந்ததையும் பணம் இல்லாத இடத்தில் யோசித்ததையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே. அவர் இதை ஏற்கவில்லை. தம் மறுப்பைக் கட்டுரையாக எழுதித் தந்திருக்கிறார். அதை ஒரு சொல்லும் மாற்றாமல் வட்டத்தின் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

குழந்தைகளை அழைத்து வந்திருந்த பெற்றோர் சிலர், பேயைக் கண்டு சிறுவர்கள் சிரித்ததற்காக எங்களிடம் வருத்தம் தெரிவித்தார்கள். வருத்தம் தேவையே இல்லை. முதலில் சிரித்தவர்கள், மண்டபத்தில் இணைகள் சுழன்று ஆடும் காட்சியில் தாமாகவே அடங்கிப்போனதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவர்களையும் அழைத்து வந்ததற்கு நன்றி.

ஆச்சி முழுப் படத்தையும் தூணில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். எந்தக் கட்சியிலும் சேராத அவர் கேட்டது ஒன்றுதான்: “அந்தப் பொண்ணுக்குச் சொந்தபந்தம் யாருமே இல்லையா?” இருக்கிறார்கள், புது ஊருக்குப் போகும் வழியில் பெற்றோரைப் பார்த்துவிட்டுப் போகக்கூடாதா என்று படத்தின் தொடக்கத்திலேயே ஒருவர் மேரியைக் கேட்கிறார், அவள் மறுத்துவிடுகிறாள். இரு கட்சியாரும் கவனிக்காமல் கடந்துபோன அந்த இடத்தை அவருடைய கேள்வியால்தான் மறுபடி எண்ணிப் பார்த்தோம்.

தமிழ்த் துணைவசனக் கோப்பில் அன்று கண்ட நேரப் பிழைகளை மாணவியர் திருத்தி வருகிறார்கள். படத்தைத் திரையிட விரும்பும் பிற ஊர் வட்டங்களுக்கும் நூலகங்களுக்கும் அதை இலவசமாகத் தருகிறோம். கேட்டால் ஆபரேட்டர் பெரியவரும் வந்து திரை கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தில் கருத்து அனுப்ப விரும்புவோர் ஆச்சி வீட்டு முகப்பில் வைத்துள்ள பெட்டியில் இந்த மாத இறுதிக்குள் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
திரைப்பட வட்டத்தின் சார்பில், ஒருங்கிணைப்பாளர்
காரைக்குடி