கேட்பதை விட்டுவிட்டேன்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்தது. பாளையங்கோட்டை வீட்டுக்கு ஒருவழியாகக் குடிபோய்விட்டாய் என்பதில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். இவர் ஓய்வு பெற்றபின் சமையலறைக்கு வந்து யோசனை சொல்ல ஆரம்பித்திருக்கிறார். அதைத் தவிரக் குறையொன்றும் இல்லை.

அந்த உளவியல் பாட்காஸ்ட்டை இன்னும் கேட்கிறாயா என்று விசாரித்திருந்தாய். விட்டுவிட்டேன். காரணம் சொல்லாமல் நீ விடமாட்டாய்.

அதை நடத்தும் இருவரையும் எனக்குப் பிடித்ததே அவர்கள் எதையும் லேசில் நம்பாதவர்கள் என்பதால்தான். இரண்டு நிமிடம் கம்பீரமாக நிமிர்ந்து இருந்தால் ஹார்மோன் மாறித் துணிச்சல் வரும் என்று 2010இல் ஓர் ஆய்வு வந்ததே, அதை எப்படி அலசினார்கள்! 42 பேரை வைத்துச் செய்தது. 200 பேரை வைத்து வேறொரு குழு செய்து பார்த்தபோது ஹார்மோன் அசையவில்லை. 2016இல் ஆய்வின் முதல் ஆசிரியரே தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று எழுதிவிட்டார். 'எத்தனை பேர்? திரும்பச் செய்து பார்த்தார்களா?' என்று எதற்கெடுத்தாலும் நான் கேட்பது அவர்களிடம் தொற்றிக்கொண்ட பழக்கம்.

சில மாதங்களாக மனச்சோர்வு மாத்திரைகள்மீது பாய்கிறார்கள். மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் ஒரு மறுஆய்வு சொன்னது. சரி. அதிலிருந்து, மாத்திரையே வீண் என்று தாவிவிட்டார்கள். மாத்திரை பலன் தருகிறதா என்று அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. அதைப் பார்த்தது 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு: 522 சோதனைகள், 1,16,000 பேருக்கு மேல், 21 மருந்துகள். எல்லாமே மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேல்தான். பலன் மிதமானது, சோதனைகளும் பெரும்பாலும் சில வாரங்களே நடந்தவை என்று அவர்கள் வாதாடியிருந்தால் காதுகொடுத்துக் கேட்டிருப்பேன். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்தித் தேறிவிட்டதாக நேயர் ஒருவர் எழுதியதைச் சான்றாக வாசித்தார்கள். ஒரே ஒருவர், கோமதி! 42 பேர் போதாது என்றவர்கள்.

திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் தூக்கமின்மையும் வரலாம், மருத்துவரைக் கேட்டு மெல்ல மெல்லத்தான் குறைக்கவேண்டும் என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா? ஒரு மணி நேரத்தில் அதற்கு இடமில்லை.

கருத்து ஒத்துவராதது எனக்கு ஒரு பொருட்டல்ல. உன்னோடு எதில் ஒத்துப்போயிருக்கிறேன்? பிடிக்காத முடிவுக்கு ஒரு தராசு, பிடித்த முடிவுக்கு இன்னொன்று என்று வைத்திருப்பதுதான் பொறுக்கவில்லை. சந்தேகம் வந்து பழைய நிகழ்ச்சிகளையும் சரிபார்த்தேன். மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்த 1971 ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனையில் காவலர்கள் தாமாகவே கொடூரமாக மாறவில்லை, கடுமையாக இருக்கும்படி தூண்டப்பட்டார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அது சரியாகவே இருந்தது. ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் என்பதால் கோபம் இரட்டிப்பாகிவிட்டது.

உன் நாத்தனார் மகளுக்கும் இந்தப் பாட்காஸ்ட்டை அனுப்பிவைத்ததாக எழுதியிருந்தாய். அவள் அந்த மாத்திரை சாப்பிடுகிறவள் அல்லவா? கடிதம் கண்டதும் அவளிடம் பேசு. நீ பேசினால் கேட்பாள்.

அன்புடன்,
மீனாட்சி