ரெண்டு பேரும் 35 சென்டிமீட்டர்

டேய் குமாரு,

எப்படிடா இருக்க? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு தனம் சொல்லுச்சு, சந்தோஷம். இங்க எல்லாரும் சுகம்.

விஷயத்துக்கு வரேன். வியாசர்பாடில நம்ம பசங்களப் பார்க்க ஃபுட்பால் செலக்‌ஷனுக்கு ஆளுங்க வந்தாங்க. அப்புவையும் பீமனையும் குதிக்கச் சொன்னாங்க. ரெண்டு பேரும் 35 சென்டிமீட்டர். "ரெண்டும் ஒண்ணுதான்"னு எழுதி, ரெண்டு பேருக்கும் ஒரே பயிற்சி குடுத்துட்டுப் போயிட்டாங்க. வயிறு எரியுதுடா. அப்பு 52 கிலோ, பீமன் 70!

போனை எடுத்துனு நானே அளக்க இறங்கிட்டேன். பியர் சமோசினோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 2008ல சொன்ன வழி. எடை, குதிச்ச உயரம், மடக்குன காலு நிமிர்ற தூரம், இந்த மூணும் தெரிஞ்சா சராசரி விசை, வேகம், பவர் எல்லாம் கணக்குல வந்துடும். நிமிர்ற தூரமும் ரெண்டு பேருக்கும் 35தான். பீமனுக்கு விசை சுமார் 1370 நியூட்டன், பவர் 1800 வாட். அப்பு 1020, 1340. எடையால வகுத்தா சமம்தான். பந்துக்கு தோளோட தோள் முட்டும்போது சமமா, சொல்லு?

உயரத்துக்கு ஸ்லோமோஷன்ல செகண்டுக்கு 240 ஃபிரேம் வெச்சு எடுக்கணும். காலு தரைய விட்டதுலேர்ந்து திரும்பத் தொடுற வரைக்கும் எத்தனை ஃபிரேம்னு எண்ணு. 128 வந்தா 35 சென்டிமீட்டர். ஒரு ஃபிரேம் பிசகினா அரை சென்டிமீட்டர்தான் மாறும். சாதா வீடியோ, 30 ஃபிரேம்ல, நாலுக்கு மேல போயிடும். முட்டிய மடக்கி இறங்குனா உயரம் பொய்யா ஏறும், அதுக்கு விடவே கூடாது.

அப்புறம்தான்டா நெசமான விஷயம். அவனவன் எடைக்குத் தக்க மணல் மூட்டைய தோள்ல வெச்சுக் குதிக்க விட்டேன். பீமனுக்கு உயரம் கொஞ்சம்தான் கொறஞ்சுது. அப்பு பாதிக்கு வந்துட்டான்! சுமை ஏற ஏற தசை சுருங்குற வேகம் கொறையும்னு ஏ.வி.ஹில்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி 1938லயே தவளைத் தசைல காட்டிட்டாரு. யாருக்கு எவ்வளவு கொறையுதுங்கறதுலதான் ஆளு தெரியுறான். அப்புவுக்கு வேகம் இருக்கு, விசை பத்தல, அவன் வெயிட்ட தோள்ல வெச்சு உக்காந்து எந்திரிக்கிற ஸ்குவாட் போடணும். பீமனுக்கு லேசான, வெடுக்குனு எகுர்ற குதிப்புதான் வேணும். ஒரே பயிற்சியக் குடுத்து ரெண்டு பேரையும் வீணாக்கிடுவாங்களோன்னு ராத்திரி தூக்கம் வரல. வளர்ற வயசுடா, போனா திரும்ப வராது.

உன் மச்சான் தார்ப்பாய் தைக்கிறாரே, தோள்ல மாட்டுற மாதிரி மணல் பை ரெண்டு தைச்சுத் தரச் சொல்லு. மூட்டை நழுவுது, கழுத்துல அடிபட்டுடும்னு பயமா இருக்கு. துணிக்காசு நான் அனுப்புறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துனு வந்துடு.

உன்
சேகர்