கடும் கணைய அழற்சிக்கு எண்டோஸ்கோபி வடிகால் சிகிச்சை: மண்டலத்துக்கு ஒரு அரசு மருத்துவமனையிலாவது கிடைக்க வேண்டும்

பெறுநர்: செயலாளர், மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

ஐயா, வணக்கம்.

என் அண்ணன் லாரி டிரைவர், பல வருடக் குடி. போன வருடம் மேல்வயிற்றில் பிடித்து முதுகு வரை பாயும் வலியோடு அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். குடியால் வந்த கடும் கணைய அழற்சி, அதாவது கணையம் வீங்கிப் புண்ணாவது. குளுக்கோஸ், வலிக்கு ஊசி, மூக்கு வழியே குழாய் விட்டுக் குடலுக்கு உணவு என்று பார்த்து அவர் உயிரைக் காப்பாற்றினார்கள், அதை நாங்கள் மறக்க மாட்டோம். ஆனால் அப்புறம் கணையத்தில் ஒரு பகுதி அழுகி, சுற்றிலும் சீழ் கட்டி, காய்ச்சல் விடவே இல்லை. அதை வடிக்கும் கருவி அங்கே இல்லை. எங்கே போகலாம் என்று சொல்லவும் ஆள் இல்லை. கடைசியில் அண்ணியின் நகையை அடகு வைத்துத் தனியாரில்தான் செய்தோம்.

நுனியில் ஸ்கேன் பொருத்திய எண்டோஸ்கோபியை வாய் வழியே இறக்கி, இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சீழ்க்கட்டியைப் பார்த்து, ரத்தக்குழாயில் படாமல் துளையிட்டு ஸ்டென்ட் என்ற சிறு உலோகக் குழாயை வைக்கிறார்கள், சீழ் இரைப்பைக்குள் வடிந்துவிடுகிறது. தேவைப்பட்டால் அழுகிய திசுவையும் அதே வழியில் எடுக்கலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டாம். 2018-இல் லான்செட் இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வு இதை அறுவை சிகிச்சை வழியோடு ஒப்பிட்டது. உயிரிழப்பில் பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனால் கணைய நீர் கசியும் தொல்லை அறுவை சிகிச்சையில் 32 சதவீதம், எண்டோஸ்கோபியில் வெறும் 5. மருத்துவமனையில் கிடக்கும் நாளும் குறைவு.

எல்லாருக்கும் இது தேவையில்லை, தொந்தரவு தராத நீர்க்கட்டு பல பேருக்குத் தானே வற்றிவிடும். தேவைப்படுகிறவர்களுக்கும் கட்டியைச் சுற்றிச் சுவர் உருவாகப் பொதுவாக 4 வாரம் ஆகும் என்பதால், முடிந்தவரை அதுவரை காத்திருந்துதான் செய்கிறார்கள். அந்த 4 வாரத்துக்குள் நோயாளியைச் சரியான மருத்துவமனைக்கு மாற்ற ஒரு ஏற்பாடு இருந்தால் போதும், பெரும்பாலும் இது அவசர அவசரமாக ஓட வேண்டிய வேலை இல்லை. அதனால்தான் இதைத் தவறவிடுவது எனக்குத் தாங்க முடியவில்லை.

எனவே மண்டலத்துக்கு ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலாவது இந்தக் கருவியும் பயிற்சி பெற்ற மருத்துவரும் இருக்கச் செய்யுங்கள், எந்த ஊர் நோயாளி எங்கே போக வேண்டும் என்று எல்லா மாவட்ட மருத்துவமனைக்கும் எழுதிக் கொடுங்கள். ஸ்டென்ட் விலை முழுவதும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே வரட்டும், நோயாளியிடம் ஒரு ரூபாய் கேட்கக் கூடாது. மது விற்பது அரசின் டாஸ்மாக், அதில் வரும் வருமானத்திலிருந்து இதற்கு ஒதுக்குவதே நியாயம்.

இன்னொன்று, இந்த உலோக ஸ்டென்டைச் சில வாரங்களில் எடுத்தாக வேண்டும், விட்டால் ரத்தக்கசிவு வரலாம். வீட்டுக்குப் போனவர்களைத் திரும்ப அழைத்து வர மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்களிடம் பெயர்ப் பட்டியல் கொடுங்கள். குடியை நிறுத்த ஆலோசனை தராமல் யாரையும் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டாம், திரும்பக் குடித்தால் திரும்ப வரும் நோய் இது.

எடுத்த நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் தம்பி